பந்துப்பூத் தொட்டி

மலையில் ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. முதலாளி போய், கூலியாட்கள் போய், தோட்டம் காடாகிவிட்டது. அதன் பழைய நாற்றுக் கொட்டகையில் ஒரு துறவி இருந்தார். மலைக்காரர்கள் அவரைக் கொட்டகைச் சாமி என்றார்கள். நாற்பதைத் தாண்டியிருப்பார். அதிகம் பேசமாட்டார்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை, மரகதம் அவரைத் தேடி வந்தாள்.

அவளுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன். அவன் இருக்கிறான் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாமி வரிசையாக இருந்த மண்தொட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருந்தார். அவள் கும்பிட்டாள். அவர் ஒரு சாக்கை விரித்துப் போட்டார்.

"எம் பிள்ளை பேரு மதியழகன், சாமி. பாலிடெக்னிக் முடிச்சிருந்தான். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்துல அரிசி அளந்துக்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா, போன் சார்ஜர்ல கிடக்கு. ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன்னு ஒருத்தர் சொன்னாரு. அதோட சரி."

"எவ்வளவு நாளாச்சு?"

"பன்னிரண்டு வருசம்."

சாமி சல்லடையைக் கீழே வைத்தார்.

"பன்னிரண்டு வருசம் ஆகிட்டா கருமாதி செஞ்சிரணுமாம். எங்க அண்ணன் சொல்றாரு. தர்ப்பையில ஒரு உருவம் செஞ்சு, அதுக்குக் கொள்ளி வச்சு, எல்லாச் சடங்கையும் முடிச்சிரணுமாம். நான் இதைக் கேக்கத்தான் வந்தேன். செஞ்சா, உசுரோட இருக்கிற பிள்ளைக்கு நானே கொள்ளி வச்ச மாதிரி. செய்யாட்டி, போய்ச் சேர்ந்த பிள்ளை ஒருவாய்த் தண்ணியில்லாம அலையிற மாதிரி. எதைச் செய்ய?"

"தெரியாதும்மா."

"நீங்க சாமி."

"ஆமா. ஆனாலும் தெரியாது."

மரகதம் அவரையே பார்த்தாள். இதற்கு முன் பலரிடம் போயிருக்கிறாள். வடக்கே இருக்கிறான் என்றார் ஒருவர். தை பிறந்தால் வருவான் என்றார் இன்னொருவர். வேறொருவர் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் தெரிகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவள் பல நாள் கிணற்றுப் பக்கமே போகவில்லை. தெரியாது என்று சொன்ன முதல் சாமி இவர்தான்.

"கொஞ்ச நாள் இங்க இருக்கலாமா?" என்று கேட்டாள்.

சாமி பக்கத்து அறையைக் காட்டினார். முன்பு உர மூட்டை அடுக்கி வைத்த அறை. பிறகு ஒரு தொட்டியைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தார். அகலமான நாலைந்து இலைகள் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதைப் பார்த்துக்கங்க."

"என்ன செடி?"

"பந்துப்பூ. மண்ணுக்குள்ள வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு இருக்கும். சித்திரையில கோடை மழை விழுந்ததும் பூக்கும். வருசத்துக்கு ஒரே ஒரு பூ. கைப்பந்து பெரிசுக்குச் செவப்பா இருக்கும்."

"இப்ப என்ன செய்யணும்?"

"இப்ப அது தூங்கப் போகுது."

*

மரகதம் சுத்தக்காரி. மறுநாள் காலையில் கத்தரியோடு தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் இலைகளை அறுத்துவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும்.

"அறுக்காதீங்க" என்றார் சாமி.

"சாகப் போற இலைதானே?"

"போறதுக்கு முன்னால தன்கிட்ட இருக்கிறதையெல்லாம் கிழங்குக்குக் குடுத்துட்டுப் போகும். இப்ப அறுத்தா அது நின்னு போயிரும். தானா விழட்டும்."

இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து, சுருங்கி, மண்ணோடு ஒட்டின. கடைசி இலையை மரகதம் விரலால் தொட்டாள். கையோடு வந்துவிட்டது. தொட்டியில் மண் மட்டும் இருந்தது.

"இனிமே தண்ணி வேண்டாம்" என்றார் சாமி.

"எதுவரைக்கும்?"

"மழை வர்ற வரைக்கும்."

மலையில் பனிக்காலம் தனிமையாக இருக்கும். காலையில் மூடுபனி கொட்டகை வாசல் வரை வந்து நிற்கும். பிற்பகலில் மலை இருட்டிவிடும். சாமி சில நாட்களில் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். மரகதம் கஞ்சி வைப்பாள், ரசம் வைப்பாள். நூறு பிள்ளைகளுக்கு அரிசி அளந்த கை. இரண்டு பேருக்கு வைக்கும்போது அளவு தப்பி, எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதைக் காக்கைக்கு வைப்பாள். ஒருநாள் வைத்ததும் அவளுக்குத் துணுக்கென்றது. காக்கைக்கு வைப்பது யாருக்கு வைப்பது? அன்றிலிருந்து மிஞ்சியதைக் கொட்டகைப் பக்கம் வரும் ஒரு நாய்க்கு வைத்தாள்.

ஊரில் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தூங்கப் போகுமுன் வாசல் விளக்கைப் போட்டு, கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைப்பாள். இங்கே போட விளக்கும் இல்லை, சாத்தக் கதவும் இல்லை. கைக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

அவள் சாமிக்குத் தெரியாமல் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு டம்ளர்தான். அவர் ஓடைக்குக் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஊற்றுவாள். மண் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மார்கழி பாதியில் தொட்டியிலிருந்து ஒரு வாடை வந்தது.

சாமி ஒன்றும் கேட்கவில்லை. தொட்டியைச் சாய்த்து மண்ணைத் தட்டினார். கிழங்கு உருண்டு வந்தது. ஒரு பக்கம் கெட்டியாக இருந்தது. மறுபக்கம் குழைந்து, பழுப்பு நீர் வடிந்தது.

மரகதம் குனிந்து பார்த்தாள். "செத்துப் போச்சா?"

"தெரியல."

அவர் கத்தியால் அழுகிய பகுதியை நிதானமாகச் சீவி எடுத்தார். வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பலைப் பூசினார். காய்ந்த இலைகளின் மேல், நிழலில், கிழங்கைக் கிடத்தினார்.

"நான்தான் தண்ணி ஊத்தினேன்" என்றாள் அவள்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் தடுக்கல?"

"உங்களைப் பார்த்தேன். ஊத்தாம இருக்க முடியல உங்களுக்கு."

"ஒரு உசுரு தண்ணியில்லாமக் கிடக்கேன்னு ஊத்தினேன் சாமி. அது தப்பா?"

சாமி கத்தியைத் துடைத்தார். "அந்தத் தண்ணி உங்க கைக்கு வேண்டியிருந்துச்சு. கிழங்குக்கு வேண்டியிருக்கல."

அவள் அழுதாள். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அழ வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

கிழங்கின் காயம் ஆறியதும், சாமி மணலும் மக்கிய இலையும் கலந்து புதிய மண் போட்டார். கிழங்கின் கழுத்து மண்ணுக்குச் சற்றே மேலே தெரியும்படி மரகதத்தின் கையாலேயே நட வைத்தார்.

"இந்த வருசம் பூக்கும்னு எதிர்பார்க்காதீங்க. இடம் மாத்தினா இதுக்குப் பிடிக்காது. ஒரு வருசம் பூக்காம இருந்துக்கும்."

"தண்ணி ஊத்தக் கூடாது. தோண்டிப் பார்க்கக் கூடாது. பூக்கவும் செய்யாது. அப்ப இதை என்னன்னு பார்த்துக்க?"

"மழையில நனையாம பாருங்க. எலி வந்து கடிக்காம பாருங்க. யாராவது வெறும் தொட்டின்னு நினைச்சு மண்ணைக் கொட்டிராம பாருங்க."

"அவ்வளவுதானா?"

"அதுவே நிறைய வேலைம்மா."

மரகதம் தொட்டியைத் தன் அறை வாசலில், கூரைச் சாரல் படாத இடத்தில் வைத்தாள். முதலில் அடிக்கடி வந்து பார்த்தாள். பிறகு காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. தை போய் மாசி வந்தது. சில நாட்களில் சாயங்காலம் வரை அதை மறந்திருப்பாள். நினைவு வந்ததும் பதறிக்கொண்டு ஓடி வருவாள். தொட்டி இருந்த இடத்தில் இருக்கும். மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் திரும்பிப் போகப் பழகினாள்.

ஒருநாள் சாமியிடம், "நேத்து நான் மதியை நினைக்கவே இல்ல" என்றாள். "காலையில எந்திரிச்சு உட்கார்ந்ததும்தான் அது தெரிஞ்சுச்சு. பகீர்னு ஆயிருச்சு."

சாமி விறகு பிளந்துகொண்டிருந்தார். "நேத்து என்ன செஞ்சீங்க?"

"இடியாப்ப மாவு இடிச்சேன். காட்டுப்பன்னி வந்துச்சுன்னு வேலி கட்டினேன்."

"வேலி நல்லா இருக்கு" என்றார்.

*

பங்குனியில் அவளுடைய அண்ணன் தர்மராசு வந்தார். லாரி ஓட்டியவர். இப்போது முழங்கால் போய் வீட்டில் இருக்கிறார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொட்டகை வரை உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து வந்திருந்தார்.

"என்ன தாயி இது, இந்தக் காட்டுல வந்து கிடக்கே?"

"நல்லாத்தாண்ணே இருக்கேன்."

அவர் அறை வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வாயில் வெற்றிலை இருந்தது. பக்கத்தில் இருந்த தொட்டியைப் பார்த்தார். அதில் துப்பினார்.

"அண்ணே!"

மரகதம் போட்ட சத்தத்தில் அவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "என்ன, என்ன?"

"அதுல இருக்கு!"

"என்ன இருக்கு? வெறும் மண்ணு."

துணியை நனைத்துப் பிழிந்து, மேல்மண்ணைத் தொடாமல் சிவப்பு எச்சிலை ஒற்றி ஒற்றி எடுத்தாள். அவர் சங்கடத்தோடு நின்றார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். "ஆடி அமாவாசைக்கு வைகைக் கரையில செஞ்சிரலாம்னு ஐயர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"அவன் உசுரோட இருந்தா?"

தர்மராசு தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். "நான் அவனுக்குத் தாய்மாமன். அவனை அனுப்பி வைக்க எனக்கு மட்டும் ஆசையா? லாரி போன ஊர்லயெல்லாம் தேடினேன். ஆந்திராவுல தேடினேன். நாக்பூர்ல தேடினேன். அடையாளம் தெரியாத பொணம் இருக்குன்னா, ஆஸ்பத்திரிக்குப் போய் நின்னு துணியை விலக்கிப் பார்த்திருக்கேன். உன்கிட்டச் சொன்னதில்ல. ஒவ்வொரு தடவையும் இவனா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் விலக்குவேன். கடைசிக் கடைசியா ஒருநாள், இவனாவே இருந்துட்டா நல்லதுன்னு தோணிருச்சு தாயி. அன்னியிலருந்து நான் பார்க்கப் போறதில்ல."

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மரகதம் அண்ணனின் முழங்காலில் கை வைத்தாள். "செய்யலாம்ணே" என்றாள்.

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். சாமி, அவள் வந்த அன்று இருந்த இடத்திலேயே உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் நின்றாள்.

"சாமி, உங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

அவர் கை நின்றது.

"வரும்போது இருந்தாங்க."

"எந்த ஊரு?"

"சாத்தூருக்கு உள்ள தள்ளி ஒரு கிராமம்."

"சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"அதுக்கப்புறம் ஒரு கார்டு? யார் மூலமாவது ஒரு சேதி?"

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்ததா நினைச்சேன்."

மரகதத்தின் குரல் உயரவில்லை. "நீங்க விட்டுட்டு வந்துட்டீங்க. அவங்க எந்தெந்தச் சாமிகிட்டப் போய் நின்னாங்களோ. அதுல ஒருத்தராவது தெரியாதுன்னு சொன்னாரோ என்னவோ."

சல்லடையில் இருந்த மண் அப்படியே இருந்தது. அவள் அடுப்பு மூட்டப் போனாள். அன்று சாப்பிட அவர் வரவில்லை.

மறுநாள் காலை அவள் உலை வைத்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. சாமி தோளில் ஒரு பையோடு நின்றார்.

"போயிட்டு வர்றேம்மா" என்றார்.

மரகதம் கையில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் காதில் விழாமல் போன வார்த்தை அது. தலையை மட்டும் ஆட்டினாள். அவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் போனார். பாதை திரும்பும் இடம் வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

*

கொட்டகையில் இப்போது அவள் ஒருத்திதான். ஒருவருக்குச் சமைப்பது அவளுக்கு இன்னும் கைவரவில்லை. பகலில் சாமியின் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டாள். எல்லாவற்றிலும் மண் மட்டும்தான் தெரிந்தது. யாராவது வந்து பார்த்திருந்தால், வெறும் மண்ணுக்குக் காவல் இருக்கும் கிழவி என்று நினைத்திருப்பார்கள். யாரும் வரவில்லை.

சித்திரை பிறந்தது. வெயிலில் மலையே வாடை மாறிப்போனது. ஒரு பிற்பகல் காற்று சுழன்றடித்து, இடி இடித்து, கோடை மழை கொட்டியது. மரகதம் தொட்டிகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இழுத்து மழையில் வைத்தாள். கடைசியாகத் தன் தொட்டியையும் வைத்தாள். நனைந்துகொண்டே அதன் பக்கத்தில் நின்றாள்.

அந்த வாரக் கடைசியில் சாமியின் தொட்டிகளில் முளை கண்டது. அவள் தொட்டியில் ஒன்றும் இல்லை. அவள் பூவை எதிர்பார்க்கவில்லை. ஒரு இலை வந்தால் போதும் என்று இருந்தாள்.

ஒரு காலையில் பார்த்தபோது மண்ணைப் பிளந்துகொண்டு ஏதோ எட்டிப் பார்த்தது. இலை இல்லை. செம்புள்ளி போட்ட தடித்த தண்டு. அதன் நுனியில் மூடிய கை போல ஒரு மொட்டு. வெட்டுப்பட்ட பக்கமாகச் சற்றுச் சாய்ந்து வந்தது. இரண்டொரு நாளில் உறை கிழிந்து, சின்னச் சின்னச் சிவப்புப் பூக்கள் நாலா பக்கமும் விரிந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் பொடி. மற்ற தொட்டிகளில் பூத்தவற்றில் பாதி அளவுதான் இருக்கும். ஆனாலும் பந்து பந்துதான்.

மரகதம் அதைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. மதி வரப் போகிறான்.

முகம் கழுவி, துவைத்த சேலையை உடுத்திக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். மதிய பஸ் வந்தது. ஆரஞ்சு வியாபாரி ஒருவர் இறங்கினார். மறுநாளும் போனாள். பள்ளிக்கூட வாத்தியார் இறங்கினார். அதற்கடுத்த நாளும் போனாள். யாரும் இறங்காமல் பஸ் திரும்பிப் போனது. கொட்டகைக்கு வந்து பூவைப் பார்ப்பாள். பூ இருக்கும்வரை போவது என்று வைத்துக்கொண்டாள்.

பூ ஓரத்தில் வாட ஆரம்பித்தது. சிவப்பு வெளுத்து, நுனிகள் சுருண்டன. அன்றும் போனாள்.

பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. பின்பக்கப் படியில் ஒருவன் இறங்கினான். கட்டம் போட்ட சட்டை. தோளில் பை. முகம் தெரியவில்லை. கண்டக்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் தோள், அந்த நிற்கிற நிலை. மரகதம் ஓடினாள். அவளுக்கு வயது மறந்துபோயிற்று. "மதி" என்று கூப்பிட்டும்விட்டாள்.

அவன் திரும்பினான்.

சாமி.

அவள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ் திரும்பிப் போனது. சாமி பையை இறக்கி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில், சாலை ஓரத்தில் உட்கார்ந்தார்.

பஸ் சத்தம் ஓய்ந்த பிறகு அவள் பேசினாள்.

"பூ பூத்துச்சு சாமி. பூக்காதுன்னு சொன்னீங்க. பூத்துச்சு. அதான் வருவான்னு நினைச்சேன். தினம் வந்து நின்னேன்."

"பூத்துச்சா? எப்படி இருக்கு?"

"சின்னதா இருக்கு. கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கு. நல்லா இருக்கு."

"சந்தோசம்."

"அது ஒரு சகுனம் இல்லையா?"

"மழை பெஞ்சுச்சு, கிழங்குல உசுரு இருந்துச்சு, பூத்துச்சு. உங்க பிள்ளையைப் பத்தி அதுக்குத் தெரியாதும்மா."

மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இருவரும் எழுந்து நடந்தார்கள். பாதையில் காப்பிப் பூ வாசனை இருந்தது. அவள் கால் தடுமாறிய இடத்தில் அவர் நின்று, அவள் வந்ததும் நடந்தார்.

"அண்ணன்கிட்டச் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள். "ஆடி அமாவாசைக்கு. இப்ப பயமா இருக்கு. எல்லாம் செஞ்சு முடிச்ச பிறகு ஒருநாள் அவன் வந்து கதவைத் தட்டினா? உனக்குக் கொள்ளி வச்சாச்சுடான்னு எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவனுக்குக் கதவைத் திறப்பேன்?"

சாமி சற்றுத் தூரம் நடந்தார்.

"எங்கம்மா எனக்குக் கருமாதி செஞ்சிருந்தாங்க" என்றார்.

மரகதம் நின்றுவிட்டாள்.

"சுவத்துல படம் மாட்டியிருந்தாங்க. பொட்டு வச்சு, மாலை போட்டு. பத்தாவது படிக்கும்போது எடுத்த படம். கதவு திறந்துதான் கிடந்துச்சு. நான் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். வந்து பார்த்தாங்க. உள்ள போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அப்பாவோட சட்டையை எடுத்துக் குடுத்து, போட்டுக்கன்னாங்க."

"அழலையா?"

"அழல. அடுப்பைப் பத்த வச்சாங்க."

"படத்தை இறக்கிட்டாங்களா?"

"இல்ல."

"நீங்க முன்னால வந்து நிக்கும்போதுமா?"

"சோறு ஆனதும் ரெண்டு இலை போட்டாங்க. ஒண்ணு படத்துக்கு முன்னால. ஒண்ணு எனக்கு. முதல்ல படத்துக்குப் பரிமாறினாங்க. கும்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் என் இலைக்கு வந்தாங்க."

கொட்டகையின் கூரை தெரியத் தொடங்கியது. மரகதம் மெல்லக் கேட்டாள்.

"ஏன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். நான்தான் உசுரோட வந்து உட்கார்ந்திருக்கேனே, அந்த இலை எதுக்கும்மான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அவன் இத்தனை வருசமும் எங்கூடவே இருந்தவன். நீ இப்பத்தான வந்திருக்கே. உட்காரு, உனக்கும் சோறு இருக்கு'ன்னாங்க."